இரண்டாந் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

இரண்டாந் தவணை இந்த வெள்ளியுடன் நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டியிலும் விளையாட்டிலும் எங்கள் பிள்ளைகள் வலயமட்டம் வரை சென்று பெருமை சேர்த்தார்கள். தரம் 5 மாணவர்கள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நன்றாகத் தயாராகிறார்கள். பொறுப்பாசிரியர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் எமது பாராட்டுகள்.

இனி முக்கியமான விடயம். பாடசாலை 1.30க்கு விடுகிறது. 2.30 கடந்தும் சில பிள்ளைகள் படலையடியில் காத்திருக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல் வெறுமையாகி, புத்தகப்பையைத் தலைக்கு வைத்துச் சீமெந்துக் கட்டிலேயே நித்திரையாகிவிடுகிற சின்னப் பிள்ளையும் அவர்களில் உண்டு. வேறு சிலரை ஏற்றிப்போக எங்களுக்கு முகம் தெரியாதவர்கள் வந்து, "தாய் கூட்டிவரச் சொன்னவ" என்கிறார்கள்.

தகப்பன் வெளிநாட்டில் இருக்க, தாய் தனியே வீட்டையும் வேலையையும் இழுத்துப்பறித்து நடத்துகிற குடும்பங்கள் பல என்பதை அறிவோம். யாரையும் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். பிள்ளைக்குப் பழக்கமானவர், வீட்டார் நம்புகிறவர். பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத அந்த ஒரு மணித்தியாலம் அவருக்குப் போதும். சிறுவயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாகச் சொல்லும் பெண்கள் 5 பேரில் ஒருவர், ஆண்கள் 7 பேரில் ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று விட்டுவிட இடமில்லை.

அடுத்த தவணை முதல், நீங்கள் படிவத்தில் எழுதித் தரும் மூவரைத் தவிர வேறு எவரிடமும் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம். ஓட்டோ, வான் ஓட்டுநர் மாறினால் காலையிலேயே அறிவியுங்கள். 1.45க்கு மேல் நிற்கும் பிள்ளை அலுவலகத்தில் ஓர் ஆசிரியருடன் இருக்கும். உங்களுக்கு அழைப்பு வரும். இது அடிக்கடி தொடர்ந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிப்போம். பராமரிப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்டவரைத் துன்பம் நேரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே அடிப்பதும் கவனியாது கைவிடுவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். 2 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. அடித்து வளர்ப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பது இதற்குப் பதிலாகாது.

ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் கெண்டைக்காலின் முன்புறத்திலும் காயம் வருவது இயல்பு. காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் கண்டல் இருந்தால் விசாரிக்க வேண்டும். வயரை மடித்து அடித்த தழும்பு வளையமாக விழும். அது தடுக்கி விழுந்ததால் வந்த காயமல்ல. திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ரியூசனுக்கோ போக மறுப்பது, காரணம் சொல்லாமல் புதுப் பொருட்களுடன் வருவது ஆகியவற்றையும் கவனியுங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கேட்காமல் விடவும் வேண்டாம்.

பிள்ளை வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் அங்க போனனீ?" என்ற ஒரு கேள்வியே அதன் வாயை அடைத்துவிடும். சொன்ன சொற்களைத் திகதி, நேரத்துடன் அப்படியே எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் நேரே போய்ச் சண்டை பிடித்தால் அவர் பிள்ளையை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் அவகாசம் கிடைக்கும். பாலியல் தாக்குதல் என்றால் குளிக்க வார்க்காமல் உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தொற்றுத் தடுப்பு மருந்துகள் சிலவற்றை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன். உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் ஈரம் பிடித்துத் தடயம் கெடும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மானம் போகுமென்று குடும்பத்துக்குள் பேசித் தீர்ப்பதால் காப்பாற்றப்படுவது பிள்ளையல்ல, தீங்கு செய்தவர்.

கடுமையாக எழுதியது மனதை நோகச் செய்திருந்தால் பொறுத்தருளுங்கள். பெரும்பாலான பெற்றோர் நேரத்துக்கு வருகிறீர்கள். அயல் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போகிற அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அவர்களது பெயர்களையும் படிவத்தில் எழுத மறவாதீர்கள். வேலை நேரத்தால் 1.30க்கு வர முடியாதவர்கள் என்னுடனோ ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருடனோ பேசுங்கள், சேர்ந்து ஒழுங்கு செய்வோம். கையொப்பமிட்ட படிவம் மூன்றாந் தவணையின் முதல் நாளன்று வகுப்பாசிரியரிடம் கிடைக்க வேண்டும்.

இங்ஙனம்,
அதிபர்