நீளம் சமமானால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னணு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்கான ஒன்றிய அரசின் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. பல அடுக்கு சர்க்யூட் போர்டுகளும் அதில் அடக்கம். அன்று முதல் முதலீட்டுத் தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியே செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் போர்டுகளின் தரத்தைத் தீர்மானிக்கப்போகும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல், அதாவது இணையாக ஓடும் இரண்டு தடங்களின் சிக்னல்கள் ஒரே நேரத்தில் வந்து சேராமை, பொதுவெளியில் பேசப்படவே இல்லை. அதிவேக போர்டுகளை வடிவமைப்பதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதைத் தங்கள் வாசகர்களின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

யுஎஸ்பி, ஈதர்நெட், கணினிக்குள் பாகங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்ற இணைப்புகளில் ஒவ்வொரு சிக்னலும் இரண்டு செப்புத் தடங்களில் ஒன்றுக்கொன்று நேரெதிராகச் செல்கிறது. இதைத்தான் டிஃபரன்ஷியல் பேர், அதாவது வித்தியாச இணை, என்கிறோம். பெறும் சிப் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், வெளியிலிருந்து இரண்டிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சல் கழிந்துவிடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு செல்லுபடியாகும். ஒன்று பிந்தினால், அந்த நேர விலகலுக்கு ஸ்க்யூ என்று பெயர். விலகல் கூடக்கூட வித்தியாச சிக்னல் நலிகிறது. அதில் நலிந்த பகுதி இரண்டு தடங்களிலும் ஒரே திசையில் ஓடும் பொது சிக்னலாக மாறி, கேபிள் வழியே கதிர்வீச்சாக வெளியேறுகிறது. கதிர்வீச்சுச் சோதனையில் தேறாத பல கருவிகளின் கோளாறு, தேடிப் பார்த்தால், இங்கேதான் இருக்கும்.

பரவலாகப் பயன்படும் எஃப்ஆர்-4 என்ற கண்ணாடி இழை வகை போர்டின் உள் அடுக்கில் சிக்னல் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 6.7 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகிறது. நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3.0 இணைப்பில் ஒரு பிட்டின் காலம் 200 பிக்கோ நொடி. அங்கே ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டால் பெரிய கேடு இல்லை. 2019-இல் வெளியான பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0-இல் அந்தக் காலம் 31.25 பிக்கோ நொடியாகச் சுருங்கிவிட்டது. ஒரு தடம் சரியாக அவ்வளவு நேரம் பிந்தினால், ஒன்றும் சுழியமும் மாறிமாறி வரும் வரிசையில் இரண்டு தடங்களும் ஒரே வடிவத்தைக் காட்டும். வித்தியாசம் என்று எடுக்க எதுவும் மிஞ்சாது. அதே தாமதம் யுஎஸ்பி 3.0-இல் மூன்று விழுக்காட்டு இழப்பைத்தான் ஏற்படுத்தும். சிக்னலை அடியோடு அழிக்கும் இந்தத் தாமதத்துக்கு ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான நீள வேறுபாடு போதும்.

நீளத்தைச் சமன்செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தடங்கள் வளையும் இடத்தில் வெளிப்பக்கத் தடம் நீண்டுவிடுவதால், உட்பக்கத் தடத்தில் சிறு வளைவுகளைச் சேர்த்து ஈடுகட்டுகிறோம். அந்த வளைவுகளை வேறுபாடு தோன்றிய இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இடம் தாராளமாகக் கிடைக்கிறது என்று மறுமுனையில் வைத்தால், இடைப்பட்ட தொலைவு முழுவதும் சிக்னல்கள் முன்பின்னாகவே ஓடுகின்றன. வடிவமைப்பு மென்பொருளோ கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு, நீள வேறுபாடு சுழியம் என்று பச்சை நிறத்தில் காட்டிவிடுகிறது. சிப்பின் உறைக்குள்ளேயே இருக்கும் நீள வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்தச் சுழியத்துக்கு மதிப்பே இல்லை.

இதைவிடக் கடினமானது, மென்பொருளின் கண்ணுக்கே தெரியாத விலகல். போர்டு என்பது கண்ணாடி இழைத் துணியில் ரெசின் என்ற பிசினை ஊறவைத்து அழுத்திய பொருள். ஒரு பொருளின் மின்காப்பு மாறிலி கூடினால் அதனூடே சிக்னலின் வேகம் குறையும். கண்ணாடியின் மின்காப்பு மாறிலி சுமார் 6, ரெசினுக்குச் சுமார் 3. பிழை காட்டிய ஒரு போர்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். இணையின் ஒரு தடம் இழைக்கற்றையின் மேலேயே படுத்திருந்தது. மற்றது இரண்டு கற்றைகளுக்கு இடையே ரெசின் மட்டும் நிறைந்த சந்தில் ஓடியது. அதே வடிவமைப்பில், அதே தொகுப்பில் வந்த வேறு போர்டுகள் பிழையின்றி ஓடின. இரண்டு தடங்களும் உணரும் மாறிலி 4-ஐ ஒட்டி 0.1 மட்டும் வேறுபட்டால்கூட, 200 மில்லிமீட்டர் தொலைவில் 16 பிக்கோ நொடிக்கு மேல் விலகல் சேர்கிறது. அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0-இன் பிட் காலத்தில் பாதி போய்விட்டது. போர்டுக்குப் போர்டு மாறும் இந்த விலகலை எந்த வளைவைச் சேர்த்தும் ஈடுகட்ட முடியாது.

இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. 106, 1080 போன்ற எண்களால் குறிக்கப்படும் இடைவெளி மிகுந்த நெசவுகளைத் தவிர்த்து, இழைகள் பரப்பப்பட்ட 1067, 1078 வகைத் துணிகளைக் கேட்டுப் பெறலாம். துணியின் இழைத் திசைக்குப் பத்து டிகிரி சாய்வாகத் தடங்களை ஓட்டலாம். பல போர்டுகளை ஒன்றாகத் தயாரிக்கும் பெரிய தகடான பேனலில் கொஞ்சம் பொருள் வீணாகும் என்றாலும், நெடுந்தொலைவு ஓடும் இணைகளுக்கு அது தகும் செலவு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நம் ஊர்களிலிருந்து போகும் கொள்முதல் ஆணைகளில் என் கண்ணில் படுபவை பெரும்பாலும் அடுக்குகளின் எண்ணிக்கை, தடிமன், செப்பின் கனம், மின்மறுப்பு (சிக்னலுக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) ஆகியவை மட்டுமே. துணியின் நெசவு வகையைக் குறிப்பிட்ட ஆணையைக் காண்பது அரிது. கேட்காத ஒன்றைத் தயாரிப்பாளர் தரவில்லை என்று குறைகூற முடியாது.

பொறியியல் கல்லூரிகளில் மின்கடத்துத் தடங்களின் கோட்பாட்டைச் சமன்பாடுகளோடு கற்பிக்கிறார்கள். அதை ஓர் உண்மையான போர்டில் அளந்து பார்க்கும் வாய்ப்பு மிகச் சில மாணவர்களுக்கே கிடைக்கிறது. அதற்கான, தடத்தில் சிக்னல் எப்படிச் செல்கிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசர் கருவியின் விலை சிறு நிறுவனங்களின் கைக்கும் எட்டாது. ஒன்றிய அரசின் ஊக்கத்தொகைக்கு இணையான தொகையைத் தானும் வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்தது. அந்த முயற்சியின் ஒரு பகுதியாக, சிறு நிறுவனங்களும் மாணவர்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் பொதுச் சோதனைக்கூடங்களைத் தொழிற்பேட்டைகளில் அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்மறுப்பைச் சோதிக்க இப்போதே பேனலின் ஓரத்தில் ஒரு மாதிரித் துண்டு வைக்கப்படுகிறது. அதனருகே ஒரு நீண்ட இணையையும் வைத்து, அளந்த நேர விலகலைப் பிக்கோ நொடியில் குறித்து, ஒவ்வொரு தொகுப்போடும் அனுப்பும் வழக்கத்தைப் புதிய ஆலைகள் முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
சர்க்யூட் போர்டு வடிவமைப்புப் பொறியாளர்,
அம்பத்தூர், சென்னை.