மறதி இல்லாமலும் டிமென்ஷியா வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் மறதி குறித்த உங்கள் கட்டுரை டிமென்ஷியா, அதாவது மூளைத்திறன் படிப்படியாக மங்கும் நோய் என்றாலே அல்சைமர்தான் என்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. எனக்கு உறுத்தியது.

என் கணவருக்கு 57 வயதில் நோய் தொடங்கியபோது மறதியே இல்லை. எல்லார் பிறந்தநாளையும் பிசகாமல் சொல்வார். ஆனால் அதிர்ந்து பேசாத அந்த மனிதர், விருந்தினர் முன்னால் சட்டையைக் கழற்றினார்; பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காது கூசும்படி பேசினார். உறவினர்கள் ஒதுங்கினார்கள். நானும் திட்டினேன், ஒருநாள் அறையில் வைத்துப் பூட்டினேன், அது இன்றும் உள்ளே அறுக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த ஸ்கேனில்தான் நடத்தையைக் கட்டுப்படுத்தும் மூளையின் நெற்றி மடல் சுருங்கியிருப்பது தெரிந்தது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார்கள். 1892-இல் ஆர்னால்டு பிக் என்ற மருத்துவர் விவரித்த நோயின் வழிவந்தது.

பாலியல் விருப்பக் கோளாறுகள் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுபவை. ஐம்பதைத் தாண்டியவரிடம் புதிதாக முளைத்தால், குணத்தைக் குறை சொல்லுமுன் மூளையைப் பார்க்க வேண்டும். பார்கின்சன் நோய்க்கான சில மருந்துகளும் இப்படிச் செய்யக்கூடும்.

வகை தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது. அல்சைமருக்கான டோனெபெசில் இவருக்குப் பயன்படவில்லை, படபடப்புதான் கூடியது. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி என்ற இன்னொரு டிமென்ஷியா வகையினருக்கோ, மனநோய்க்கான சில மாத்திரைகள் உயிருக்கே ஆபத்து.

அடுத்த கட்டுரையில் இவற்றையும் எழுதுங்கள். இப்போது முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் அவருக்குத் தைக்கிறேன். முன்பக்கம் தடவித் தடவித் தேடிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஒரு வாசகி