சுளுக்கிய காலுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்பே சொல்லச் செய்யுங்கள்: டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவையின் பொதுச் சுகாதாரக் குழு உறுப்பினர்களுக்கும், செனட் அவையின் சுகாதார மற்றும் மனிதச் சேவைகள் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் டாலஸ் நகருக்கு வடக்கேயுள்ள புறநகர் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருப்பவன். இம்மடலின் ஆங்கிலப் படியைத் தங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பியுள்ளேன். பிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர் இதே அனுபவத்தை வெளியே சொல்லாமல் மென்று விழுங்குவதைப் பார்த்திருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, என் பதினொரு வயது மகன் கால்பந்துப் பயிற்சியின்போது மைதானத்துக் குழியில் கால் பிசகி விழுந்தான். கணுக்காலின் வெளிப்புறம் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. வழக்கமாகச் செல்லும் அர்ஜென்ட் கேர், அதாவது முன்பதிவின்றிச் சிறு காயங்களைப் பார்க்கும் கிளினிக், அதற்குள் மூடியிருந்ததால், மளிகைக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே சிவப்பு எழுத்துப் பலகையுடன் திறந்திருந்த மையத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். அது மருத்துவமனையோடு சேராத தனி அவசர சிகிச்சை மையம் என்பதும், அங்கே சிகிச்சை பெற்றால் மருத்துவமனையின் எமர்ஜென்சி ரூமுக்கு நிகரான கட்டணம் விழும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பார்த்த மருத்துவர் பொறுமையானவர். மகனின் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலின் இரு பக்கத்துக் குமிழ் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பையும் உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பையும் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மகனின் முகத்தைத்தான் கவனித்தார், காலை அல்ல. வீக்கத்தின் மேல் மட்டும் அவன் முகம் சுளித்தது. கடைசியாக அவனை எழுப்பி நான்கு அடி நடக்கச் சொன்னார், நொண்டியபடியே நடந்தான். இவ்வளவும் ஆறேழு நிமிடங்களில் முடிந்துவிட்டது.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட கணுக்கால் விதிகள் சொல்வது இந்தச் சோதனையைத்தான் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு எலும்பு இடங்களில் தொட்டால் வலி இல்லை, நான்கு அடி எடுத்து வைக்கவும் முடிகிறது என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரே தேவைப்படாது. தேவையற்ற எக்ஸ்ரேக்களைக் குறைப்பதற்கென்றே உருவான விதி இது. சிறு காயத்தைக் கண்டறிவதில் மருத்துவம் அடைந்திருக்கும் தேர்ச்சி, ஒரு விரலும் ஆறு நிமிடமும் போதும் என்னும் அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவர் அப்படியும் மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதை நான் குறையாகச் சொல்லவில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் எலும்பு நீளும் மென்மையான பகுதியான வளர்ச்சித் தட்டு இருப்பதால் அவர் கூடுதல் எச்சரிக்கை காட்டினார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. செவிலியருக்கும் தெரியவில்லை. முன்மேசையில் இருந்தவர், இன்சூரன்ஸ் எப்படிக் கணக்கிடுகிறதோ அதைப் பொறுத்தது என்றார். எலும்பு முறிவு இல்லை. மீள்கட்டுத் துணியைச் சுற்றி, இரு பக்கமும் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி அனுப்பினார்கள். உள்ளே போய் வெளியே வர 52 நிமிடங்கள் ஆயின.

அடுத்த மூன்று மாதங்களில் மூன்று உறைகள் தனித்தனியே வந்தன. முதலாவது மையத்தின் பில்: நான்காம் நிலை வசதிக் கட்டணம் (மையத்தின் இடம், கருவி, ஊழியருக்கான தொகை; நிலை கூடக் கூட அதுவும் கூடும்) 2,140 டாலர், எக்ஸ்ரே 612, தாங்குபட்டை 186. இரண்டாவது, அவசர மருத்துவர்கள் குழுவின் பில், 780 டாலர். மூன்றாவது, நான் கண்ணால் கண்டிராத கதிரியக்க மருத்துவர் அந்தப் படங்களைப் பார்த்ததற்காக 94 டாலர். மொத்தம் 3,812. காப்பீட்டு நிறுவனம் தன் அங்கீகரித்த தொகைக்குக் குறைத்தபின் 2,465 டாலர் நின்றது. எங்கள் குடும்ப டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாங்களே கட்ட வேண்டிய தொகை, 4,000 டாலர் என்பதால் அது முழுவதையும் நாங்களே கட்டினோம். மறு வாரம் எலும்பு மருத்துவ கிளினிக் ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டேன்; அதே மூன்று கோண எக்ஸ்ரேக்கு, ரொக்கமாகக் கட்டினால் 55 டாலர் என்று தயங்காமல் சொன்னார்கள்.

எங்களால் கட்ட முடிந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் இந்நாட்டிலேயே காப்பீடு இல்லாதோரின் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் நம்முடையது. ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. காப்பீடு உள்ளோர் நிலையும் பெரிதாக மாறுபடவில்லை. வேலை வழியாகப் பெறும் தனிநபர் திட்டங்களின் சராசரி டிடக்டிபிள் 2024இல் 1,787 டாலர் என்று சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. பெரிய அறுவை சிகிச்சை வந்தால் காப்பீடு கைகொடுக்கும். சுளுக்கு, வெட்டுக்காயம், விரல் முறிவு ஆகியவற்றின் செலவோ டிடக்டிபிளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், சிறு காயத்தைப் பொறுத்தவரை மாதாமாதம் பிரீமியம் கட்டுபவரும் காப்பீடு இல்லாதவரைப் போலத்தான் நிற்கிறார்.

2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள, எதிர்பாராத பில்களுக்கு எதிரான கூட்டரசுச் சட்டம் எங்களுக்கு உதவியது என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். அந்த மையம் எங்கள் நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களின் பட்டியலில்) இல்லாதபோதும், காப்பீடு அங்கீகரித்த தொகைக்கு மேல் எங்களிடம் அவர்கள் கேட்க முடியவில்லை. ஆனால் அந்தச் சட்டம் டிடக்டிபிளைத் தொடவில்லை. சிகிச்சைக்கு முன் விலை சொல்லும்படி எமர்ஜென்சி வாசலில் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. தரைவழி ஆம்புலன்ஸ் அதன் வரம்பிலேயே வரவில்லை என்பது இன்னொரு பெருங்குறை. அதைத் தனியே எழுத வேண்டும்.

நம் சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. தனி அவசர சிகிச்சை மையங்களுக்கு உரிமம் அளிக்கும் சட்டத்தை 2009இல் இயற்றியது டெக்சாஸ். அவை எமர்ஜென்சி ரூமுக்கு நிகராகக் கட்டணம் வாங்குபவை என்று அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னதும், 2019இல் கட்டண விவரத்தை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னதும் தாங்களே. எனக்கும் ஒரு தாள் தரப்பட்டிருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அழுகிற பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் ஆறு தாள்களில் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. சில நூறு டாலர் முதல் பல ஆயிரம் டாலர் வரை என்று எழுதியிருப்பதை விலை என்று எப்படி எடுத்துக்கொள்வது? என் மகனின் காலுக்கு எவ்வளவு என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

விலையை முன்பே சொல்ல முடியாததற்கு மையங்கள் ஒரு காரணம் கூறுகின்றன. அவசரமாக வருபவரைப் பணத்தைப் பற்றிப் பேசித் தாமதப்படுத்தாமல் முதலில் சோதிக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மருத்துவமனைகளுக்கு ஆணையிடுகிறது; நம் மாநில விதிகளும் தனி மையங்களிடம் இதையே எதிர்பார்க்கின்றன. மிக நல்ல சட்டம் அது. பணமில்லாத காரணத்தால் எமர்ஜென்சி வாசலிலிருந்து ஒருவரைத் திருப்பி அனுப்பும் கொடுமையைத் தடுக்கவே அது பிறந்தது. அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் சுட்டிக்காட்டுவது, அந்த முதல் சோதனை முடிந்து, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து இல்லை என்று மருத்துவர் முடிவு செய்த பிறகு வரும் நேரத்தை. என் மகன் நான்கு அடி நடந்து முடித்துக் கட்டிலில் உட்கார்ந்தபோது அந்த நேரம் வந்தது. எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போக இன்னும் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் வந்து, இதுவரை ஆனது இவ்வளவு, எக்ஸ்ரேயும் பட்டையும் சேர்த்தால் மொத்தம் இவ்வளவு, விரும்பினால் திங்கட்கிழமை உங்கள் மருத்துவரிடமே இதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம்.

இதைத்தான் சட்டமாக்கும்படி கேட்கிறேன். முதல் சோதனையில் அவசரநிலை இல்லை என்று தெரிந்தவுடன், அடுத்த எந்தச் செயலுக்கும் முன்பாக, மையம், மருத்துவர், கதிரியக்க மருத்துவர் ஆகிய மூவரின் கட்டணமும் அடங்கிய ஒரே தொகையை எழுத்தில் தர வேண்டும். பின்னர் வரும் பில் அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. பில்லும் ஒரே உறையில் வர வேண்டும். சுளுக்கு, சிறிய தையல், விரல் முறிவு, கண்ணில் விழுந்த தூசு போன்றவை நாள்தோறும் வருபவை. அவற்றுக்கு ஒரு மொத்தத் தொகையை வகுத்து வைப்பது, பல்லாயிரம் பில் குறியீடுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு இயலாத காரியம் அல்ல. வசதிக் கட்டணத்தின் நிலையைத் தீர்மானிக்கும் முறையையும் தாங்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தேசிய அளவில் ஒரே அளவுகோல் கிடையாது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் வெளிநோயாளர் கட்டண முறை 2000இல் தொடங்கியது முதல், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் உள்விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றே விடப்பட்டிருக்கிறது. ஒரே கணுக்கால் ஓரிடத்தில் இரண்டாம் நிலை, இன்னோரிடத்தில் நான்காம் நிலை ஆகலாம். எங்கள் பில்லில் நான்கு எப்படி வந்தது என்று மூன்று முறை எழுதிக் கேட்டும், உள்விதிப்படி சரியே என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது.

இதை ஏன் வாஷிங்டனிடம் கேட்காமல் தங்களிடம் கேட்கிறேன் என்பதற்கும் காரணம் உண்டு. எங்களைப் போன்றோர் பலரின் காப்பீடு, வேலை தரும் நிறுவனமே செலவை ஏற்கும் வகையைச் சேர்ந்தது. வேலை வழித் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் கூட்டரசு எரிசா சட்டத்தால் மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அதன்மேல் செல்லாது. ஆனால் மையத்தின் உரிமம் தங்கள் கையில் இருக்கிறது. காப்பீட்டைத் தொட முடியாவிட்டாலும், விலை சொல்லும் கடமையை உரிமத்தின் நிபந்தனையாக வைக்கத் தங்களால் முடியும்.

இரவு பகலாக மருத்துவரையும் ஆய்வகத்தையும் சி.டி. கருவியையும் ஆயத்தமாக வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது என்று மையங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் கிராமப்புற டெக்சாஸில் மருத்துவமனைகள் மூடப்பட்டு வரும் காலத்தில், இம்மையங்கள் தனியார் காப்பீடு மிகுந்த வசதியான புறநகர்களிலேயே அதிகம் முளைத்திருக்கின்றன. அந்த ஆயத்தச் செலவைச் சுளுக்கிய காலோடு வருபவர்கள் மேல், அவர்களிடம் சொல்லாமலே ஏற்றுவது சரியாகாது.

விலை தெரியாத அச்சம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஞாயிறு கிரிக்கெட்டில் எங்களோடு ஆடும் நண்பர் ஒருவருக்குப் பந்து மோதிர விரலின் நுனியில் பட்டு, நுனி மூட்டு தொங்கிவிட்டது. விரலை நேராகப் பிடிக்கும் சிறு பட்டையை ஆறு முதல் எட்டு வாரம் கழற்றாமல் அணிந்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் காயம் அது. பட்டையின் விலை சில டாலர்தான். என் பில்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த அவர், எங்கும் போகாமல் டேப் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். இன்று அந்த விரலை நீட்டினால் நுனி மட்டும் கீழே தொங்குகிறது. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த என் தாயார், சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்ததை இரண்டு நாள் புடவைத் தலைப்பால் மறைத்துவைத்திருந்தார். கண்டுபிடித்துக் கேட்டபோது, "ஒண்ணுமில்லப்பா, தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும், இங்க டாக்டர்கிட்ட போனா உனக்குத்தான் செலவு" என்றார்.

சட்டமன்றத்தின் அடுத்த வழக்கமான அமர்வு 2027 ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன் தங்கள் குழுக்கள் இது குறித்து விசாரணை நடத்துமானால், மூன்று உறைகளோடும் நான் எழுதிய மூன்று கடிதங்களோடும் ஆஸ்டினுக்கு வந்து சாட்சி சொல்லக் காத்திருக்கிறேன். கிரிக்கெட் நண்பரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மரியாதையுடன்,
டாலஸ் புறநகரில் வாழும் ஒரு தந்தை