கிராமத்து லைசென்ஸ் கிராமத்திலேயே இருக்கட்டும்

அயர்லாந்து நீதித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

மது லைசென்ஸ் சட்டம் உங்கள் துறையின் பொறுப்பில் இருப்பதால் இந்த மடல் உங்களுக்கு. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் குடியேறி வருஷக்கணக்கில் ஆகியும் ஊர்ப் பப்பின் வாசப்படியை மிதிக்காத தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். உங்களுக்கு யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள்.

நான் குடிப்பதில்லை. ஆனால் பப்புக்குப் போவேன். கவுன்டரில் டீ கேட்டால் சின்ன எவர்சில்வர் கெட்டிலில் டீயும் தனியாகப் பாலும் வரும். யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. குடிக்காதவர்கள் பப்புக்கு வருவது இங்கே புதிதும் அல்ல. 1898இல் ஜேம்ஸ் கல்லன் என்ற பாதிரியார் தொடங்கிய பயனியர் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து, சட்டையில் திருஇருதய பேட்ஜைக் குத்திக்கொண்டவர்கள்கூட, ஒரு கிளாஸ் சிவப்பு லெமனேடை முன்னால் வைத்துக்கொண்டு பப்பில் கதை பேசியிருக்கிறார்கள்.

அந்த அறைதான் இப்போது ஊர் ஊராக மூடிக்கொண்டிருக்கிறது. 2005இல் நாட்டில் 8,600க்கு மேல் பப்புகள் இருந்தன. 2021இல் 6,800கூட இல்லை. லிமரிக் மாதிரியான கவுண்டிகளுக்குத்தான், அதாவது மாவட்டங்களுக்குத்தான், பலத்த அடி. டப்ளினுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

பழைய பப் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய பப்புகளில் கவுன்டரின் முனையில் 'ஸ்னக்' என்று ஒரு சின்னத் தடுப்பறை இருக்கும். ஆள் முகம் தெரியாத மங்கலான கண்ணாடி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், கவுன்டரை நோக்கி ஒரு சின்னச் சன்னல். அந்தச் சன்னல் வழியாகத்தான் கிளாஸ் வரும், காசு போகும். யார் கண்ணிலும் படாமல் குடிக்க நினைத்த பாதிரியார், போலீஸ்காரர், அப்புறம் பெண்கள், எல்லோருக்கும் அதுதான் இடம். இன்று சுற்றுலாப் பயணிகள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் ஸ்னக்கை விட்டு வெளியே வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 1970களிலும் பல பப்புகளில் பெண்ணுக்கு முழு பைன்ட், அதாவது பெரிய கிளாஸ் நிறைய பீர், ஊற்ற மாட்டார்கள். வேண்டுமானால் அரை பைன்ட். பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்டி தோழிகளைக் கூட்டிக்கொண்டு டப்ளின் பப் ஒன்றுக்குப் போய் 30 பிராந்தி ஆர்டர் செய்தார். வந்தது. அப்புறம் கின்னஸ் என்ற கறுப்பு பீர் ஒரே ஒரு பைன்ட் கேட்டார். தர மறுத்தார்கள். கேட்டதைத் தராத கடைக்குக் காசு கிடையாது என்று அத்தனை பேரும் எழுந்து நடந்துவிட்டார்கள். இந்தக் கதையை எப்போது கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த மறுப்புக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி வைக்க 2000ஆம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம் வரவேண்டியிருந்தது.

புகையும் சட்டத்தால்தான் ஒழிந்தது. 2004 மார்ச் 29 அன்று நாடு முழுக்க வேலையிடங்களில் புகைக்கத் தடை வந்தது. உலகிலேயே இதை முதலில் செய்த நாடு இது. இனி ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார்கள் பப்காரர்கள். இன்று அந்தப் புகை திரும்பி வேண்டும் என்று கேட்க ஆளைத் தேட வேண்டும். பெரிய வெள்ளியன்று பப் திறக்கக்கூடாது என்று 1927இல் போட்ட பூட்டு 2018இல்தான் திறந்தது. அதே 1927 சட்டம் டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் மதியம் இரண்டரை முதல் மூன்றரை வரை பப்பை மூட வைத்தது. 'புனித நேரம்' என்று ஜனங்கள் அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். குடிக்கிறவன் அந்த நேரத்திலாவது எழுந்து போகட்டும் என்பது அரசின் எண்ணம். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பப்பின் வழக்கங்களைக் காலம் மட்டும் மாற்றவில்லை, உங்கள் சட்டப் புத்தகமும் மாற்றியிருக்கிறது. அதனால் பப் மூடுவது சந்தையின் போக்கு, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கைவிரிக்க முடியாது.

மதுபோதையில் வண்டி ஓட்டுவது பற்றியும் பேசிவிடலாம். இந்த ஊரில் 'ரவுண்டு' என்று ஒரு வழக்கம். நான்கு பேர் உட்கார்ந்தால் முதல் முறை ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். தன் முறை வருமுன் நழுவுகிறவன் பெயர் ஊர் முழுக்க நாறிவிடும். விளைவு, நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு நான்கு பைன்ட். வேண்டாம் என்று சொல்வது கஞ்சத்தனத்துக்கு அடுத்தபடியான குற்றம். 2006இல் போலீஸ் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று ஆனது. 2011இல் வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் இருக்கலாம் என்று அனுமதித்த மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. வண்டியில் வருகிறவருக்கு ரவுண்டு அதோடு முடிந்தது. 2013இல் கெரி கவுண்டி சபையில் டானி ஹீலி-ரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒதுக்குப்புறத்தில் வசிப்பவர்கள் இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு மெதுவாக வண்டி ஓட்டிப் போக உங்கள் துறை பர்மிட் தரவேண்டுமாம். ஐந்துக்கு மூன்று என்று நிறைவேறியும்விட்டது. உங்கள் துறை மறுத்தது. நல்ல காரியம். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மதுவில்லாத கறுப்பு பீர் வந்த பிறகு, வண்டிச் சாவி வைத்திருப்பவரும் ரவுண்டில் சேர்ந்துகொள்ள முடிகிறது.

என் குறை வேறு. டிங்கிள் ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற பப்புக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் ஆணி, பெயின்ட், தோட்டச் சாமான் விற்கும் ஹார்டுவேர் கவுன்டர், எதிர்ப்பக்கம் பீர் குழாய். டிப்பரெரியின் ஃபெதர்டில் மெக்கார்த்தி குடும்பம் பப்போடு சவ அடக்கத் தொழிலையும் நடத்திவந்தது. இவை இன்று வேடிக்கையாகத் தெரிகின்றன. ஒரு காலத்தில் கிராமத்துப் பப்பில் பாதி இப்படித்தான். முன்னால் டீத்தூள், சர்க்கரை, மாவு, பின்னால் குடி. சந்தை நாளில் மாடு விலை பேசி முடிப்பதும் அங்கே, புதைத்துவிட்டு வந்து உட்காருவதும் அங்கே. சூப்பர்மார்க்கெட் வந்ததும் மளிகை போனது. அடக்கவிலைக்குக் கீழே விற்கக்கூடாது என்றிருந்த ஆணையை 2006இல் எடுத்தபோது, மலிவு பீருக்காக ஜனங்களும் அங்கே போனார்கள். 2022இல் குறைந்தபட்ச விலை கொண்டுவந்தீர்கள், ஆனால் வீட்டில் உட்கார்ந்து குடிக்கும் பழக்கம் அதற்குள் வேர் விட்டுவிட்டது.

கடைசியில் பப்பின் லைசென்ஸும் சூப்பர்மார்க்கெட்டுக்கே போகிறது. பழையது ஒன்றை ரத்துசெய்தால்தான் புதியது கிடைக்கும் என்பது 1902 முதல் இந்த நாட்டின் அடிப்படை விதி. 2000ஆம் ஆண்டின் மதுச் சட்டம் அந்தப் பழைய லைசென்ஸ் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்றது. அன்றிலிருந்து, வாரிசு இல்லாத கிழவர் ஒருவர் கிராமத்தில் பப்பை மூடினால், அந்தக் காகிதத்தை விலைக்கு வாங்கி டப்ளின் புறநகரில் ஒரு சூப்பர்மார்க்கெட் மது அலமாரி திறக்கலாம். அதற்கப்புறம் அந்த ஊரில் யாராவது பப்பைத் திரும்பத் திறக்க நினைத்தால், வேறொரு ஊரின் லைசென்ஸை விலை கொடுத்துக் கொண்டுவர வேண்டும். லிமரிக்கின் கில்டீலியில் ஊரின் கடைசிப் பப்பை ஊர்க்காரர்களே கூட்டாகப் பணம் போட்டு வாங்கினார்கள். எல்லா ஊராலும் அது முடியுமா?

கொரோனா காலத்தில் உங்கள் அரசு பப்பை எப்படிப் பார்க்கிறது என்பது பச்சையாகத் தெரிந்தது. 2020 ஜூன் கடைசியில், 9 யூரோவுக்குக் குறையாத சாப்பாடு போடும் பப்புகள் மட்டும் திறக்கலாம் என்றார்கள். அடுப்பே இல்லாத கிராமத்துப் பப், ஆறு பேர் தள்ளித் தள்ளி உட்காரும் பப், செப்டம்பர் 21 வரை பூட்டிக் கிடந்தது. டப்ளினில் அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1990களின் தொடக்கத்தில் டப்ளினில் தொடங்கிய ஐரிஷ் பப் கம்பெனி, உலகம் முழுக்க ஐரிஷ் பப் வடிவமைத்து அனுப்புகிறது. அதில் 'கடை' பாணி என்றே ஒரு மாடல் உண்டு. மளிகை அலமாரி, பழைய டப்பா எல்லாம் அலங்காரத்துக்கு. அசல் அலமாரி இருந்த ஊர்களில் ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறார்கள். சுற்றுலாக்காரர் ஆதிகாலத்துச் சடங்கு என்று நம்பும் பப் இசைகூட, முன்பு வீட்டு அடுப்படியிலும் நடன வீட்டிலும்தான் இருந்தது. லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே பப்பில் கூடி வாசித்தார்கள். இங்கே அது பரவலாகப் பப்புக்கு வந்தது 1950, 60களில்தான். ஒரு தலைமுறை முன்பு இல்லாத வழக்கத்தை ஏற்க இடம் கொடுத்த அறை அது. நாளை வேறு எதற்கும் இடம் கொடுக்கும்.

2022 அக்டோபரில் மது விற்பனை மசோதாவின் வரைவை வெளியிட்டீர்கள். இரவு விடுதிகள் காலை 6 மணி வரை திறந்திருப்பது பற்றித்தான் எங்கும் பேச்சு. நகரத்து இளைஞர்கள் ஆடட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. அதே மசோதாவில் மூன்றை மட்டும் சேருங்கள். ஊரின் கடைசி லைசென்ஸ் கவுண்டி எல்லையைத் தாண்டக்கூடாது. விற்பனைக்கு வந்தால் ஊர்க்காரர்களுக்கு முதலில் வாங்கும் உரிமையும், பணம் திரட்ட ஒரு வருஷ அவகாசமும் தரவேண்டும். கடையை மூடினாலும் அந்த லைசென்ஸைச் சில வருஷம் அதே ஊரின் பெயரில் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பஸ் உங்கள் துறை இல்லை, தெரியும். ஆனாலும் போக்குவரத்து அமைச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 2018இல் கிராமங்களுக்கு ராத்திரி பஸ் சோதனை முறையில் விட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் வருவதில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று ராத்திரி, பதினொன்றரைக்கு ஒரு மினி பஸ் வந்தால் போதும். நிறுத்தம் பப்புக்கு எதிரிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
லிமரிக் கவுண்டியில் வசிக்கும் ஒரு தமிழன்