மீகூன் களியாகாமல் இருக்க

பினாங்கு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி ஆசைப்பட்டாள் என்று அரிசி நூடுல்ஸ், அதாவது நம் மீகூன், வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, காய்கறியோடு வதக்கப்போய், கடைசியில் கரண்டியால் வெட்டித் தட்டில் வைத்த கதையைப் படித்துச் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "அத்தனை வருஷம் பினாங்கில் மீகூன் தின்ற மனுஷனா நீங்கள்?" என்று தங்கச்சி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தின்பது வேறு, செய்வது வேறு என்று நீயாவது பதில் சொல்லியிருக்கலாம்.

இங்கே எல்லாரும் நலம். என் மனைவி சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அங்கேதான் என்று சொல்லிவிட்டாள். ஆக, அடுப்படி இப்போது என் கையில். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஏதாவது ஒரு சோதனைக்கூடம் வேண்டாமா? காலையில் சந்தை, பத்து மணிக்கு நறுக்கல், பதினொன்றுக்குக் குவாலி, அதாவது வாணலி, அடுப்பில். பக்கத்து வீட்டுக்காரர் வாசனை பிடித்து வந்து எட்டிப்பார்க்கும் அளவுக்கு முன்னேறிவிட்டேன்.

ஃபெரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீயும் நானும் சனிக்கிழமை பட்டர்வொர்த் போய் வருவோமே, கீழே கார், மேலே ஆள் என்று இரண்டு தட்டாக, அந்தப் பழைய ஃபெரி 2020-ஆம் ஆண்டு முடிவோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் புது ஃபெரி விட்டார்கள். குளிர்சாதனம், மூடிய கண்ணாடி, எல்லாம் வசதிதான். கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். உனக்குப் பிடிக்காது.

சரி, மீகூனுக்கு வருகிறேன். நீ செய்த காரியத்தில் தீயும் சரி, சட்டியும் சரி. கெட்டது தண்ணீரில்தான். கடையில் காய்ந்த கட்டாக விற்கிற மீகூன் பச்சை மாவு இல்லை, ஏற்கெனவே வெந்தது. அரிசி மாவைப் பாதி வேகவைத்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து, மறுபடி ஆவியில் வேகவைத்து, சில மணி நேரம் ஆறப்போட்டு, அப்புறம்தான் காயவைக்கிறார்கள். அதைத் திரும்பவும் கொதிநீரில் போட்டு வேகவைத்தால், மேல்பக்கத்து மாவு கரைந்து பசையாகும், உள்ளே வேண்டியதற்கு மேல் தண்ணீர் ஏறும். கோதுமை நூடுல்ஸில் குளூட்டன் என்ற பிடிப்புள்ள புரதம் இருப்பதால் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் இழை தாங்கும். அரிசியில் அது கிடையாது. ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது.

ஆறப்போடுவார்கள் என்று சொன்னேனே, விஷயமே அங்கேதான். வெந்த ஸ்டார்ச்சில் இருக்கும் அமைலோஸ் என்ற பகுதி ஆற ஆற ஒன்றோடொன்று நெருங்கி இறுகிக்கொள்ளும். அப்படி இறுகியதைச் சாதாரணக் கொதிநீர் சுலபத்தில் அவிழ்க்க முடியாது. அதனால்தான் இழை இழையாக நிற்கிறது. அமைலோஸ் அதிகம் உள்ள நீள அரிசியில்தான் நல்ல மீகூன் வரும். பசையரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை, அதில் பிழிந்தால் பிள்ளைகள் கலைக்கல்வி வகுப்பில் ஒட்டுவதற்குத்தான் ஆகும்.

இதைப் படித்ததும் உனக்கு உன் ஊர்ச் சந்தகை ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைக்கிறோம். உங்கள் கொங்குச் சந்தகையில் புழுங்கலரிசியை அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுமுன் பிழிகிறீர்கள். வேகவைத்துப் பிழிவது என்ற கணக்கில் மீகூனுக்கு நெருங்கிய சொந்தம் சந்தகைதான். ஆனால் சுடச்சுடப் பிழிந்த சந்தகையைக் குவாலியில் போட்டுப் புரட்டாதே, உடைந்து புட்டாகிவிடும். ராத்திரி மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்துப் பார், இழை இறுகியிருக்கும். அதைக் காய்கறியோடு வதக்கலாம், சாஸ் மட்டும் குறைவாக. மீந்துபோன இடியாப்பத்தை நம் வீடுகளில் தாளிப்பதும் இதே காரணத்தால்தான் சரியாக வருகிறது.

இப்போது செய்முறை. எழுதி வைத்துக்கொள், தங்கச்சியிடம் கொடுத்துவிடாதே, நீயே செய்.

200 கிராம் மீகூன் போதும். வீட்டு அடுப்பில் அதற்குமேல் ஒரே தடவையில் போட்டால் சட்டி சூட்டை இழந்து, வதக்கல் போய் அவியல் ஆகிவிடும். நாலு பேர் என்றால் இரண்டு முறை செய். மீகூனைக் குழாய்த் தண்ணீரில், பச்சைத் தண்ணீரில், ஊறப்போடு. இருபது முப்பது நிமிஷம். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், கடித்தால் நடுவே இன்னும் கடினம் தெரிய வேண்டும். அந்தக் கட்டத்தில் வடிகட்டி, கத்தரிக்கோலால் இரண்டு இடத்தில் வெட்டிவிடு. வெட்டாமல் போட்டால் பந்தாகச் சுருண்டுகொண்டு கோஸும் கேரட்டும் ஒரு மூலையில் தனியாக நிற்கும்.

மிச்சம் இருக்கிற வேக்காட்டைச் சட்டியில் கொடு. ரவை உப்புமாவுக்குத் தண்ணீரை அளந்து வைக்கிறாய் அல்லவா, அதே புத்திதான். 200 கிராமுக்கு ஒரு டம்ளரும் கொஞ்சமும், அதாவது 250 முதல் 300 மில்லி. அந்தத் தண்ணீரிலேயே உப்பு, சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாம் கலந்து பக்கத்தில் தயாராக வைத்துக்கொள். சாஸைத் தனியாக மேலே ஊற்றினால் விழுந்த இடம் கறுப்பாகவும் மற்ற இடம் வெள்ளையாகவும் இருக்கும். உன் ஊரில் கிடைப்பது கறுப்பு சாஸாக இருந்தால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், மிச்சத்தை உப்பில் சரிசெய்.

குவாலி நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை வந்த பிறகு எண்ணெய். மூன்று மேசைக்கரண்டி, கஞ்சம் பிடிக்காதே, இழைகள் ஒட்டாமல் இருப்பதில் பாதி அதன் வேலை. சின்ன வெங்காயம், பூண்டு, பிறகு கேரட், கோஸ், பீன்ஸ். கோஸைத் தாராளமாகப் போடு. ஓரம் கருகிய கோஸின் இனிப்பு இல்லாமல் மீகூன் வெறும் மீகூன். காய் முக்கால் பதம் வந்ததும் பாதியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கலந்து வைத்த தண்ணீரை ஊற்று. கொதித்ததும் மீகூனைப் போடு. இடது கையில் ஒரு முள்கரண்டியோ சாப்ஸ்டிக்கோ, வலது கையில் கரண்டி. கிளறாதே, தூக்கித் தூக்கி விடு. இரண்டு மூன்று நிமிஷத்தில் தண்ணீர் முழுக்க இழைக்குள் போயிருக்கும். சட்டியில் ஈரச் சத்தம் நின்று, சரசரவென்ற சத்தம் கேட்கும். அப்போது எடுத்து வைத்த காயும் தாவ்கேயும் போட்டு, தீயைக் கூட்டி ஒரு நிமிஷம். தாவ்கே என்றால் மறந்திருப்பாய், பச்சைப் பயறு முளைதான், நீளமாக வளர்ந்தது. கோயம்புத்தூரில் கிடைக்காவிட்டால் விட்டுவிடு, குடைமிளகாய் போட்டு ஈடுகட்டலாம் என்று நினைக்காதே, அதன் வாசனை மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் மூடி வை. மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிடு.

வீட்டுத் தீ போதாதோ என்று நீ எழுதியிருந்ததற்கு ஒரு வார்த்தை. ரோட்டோரக் கடையில் சீறுகிற அடுப்பு நம் வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு வெப்பம் தருவது. அந்தப் புகைவாசம் வீட்டில் முழுதாக வராது. அதற்காக ஏங்கவும் வேண்டாம். காலையில் மடித்துக் கொடுக்கிற சீனக் கடை மீகூனில் அந்தப் புகைவாசமே இருக்காதே, பெரிய சட்டியில் நிதானமாகச் செய்தது, ஆறினால்கூட ருசிதான். வீட்டுக்குச் சரியான மாதிரி அதுதான். அந்தப் புகைவாசத்தையே நம்பியிருக்கும் க்வே தியாவை, அதாவது பட்டை அரிசி நூடுல்ஸைத்தான், வீட்டில் செய்யக்கூடாது என்பது என் கட்சி.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பார்த்து வாங்கு. சிலவற்றில் அரிசியோடு சோள மாவு கலந்திருக்கும். அது நன்றாக இழுபடும், கண்ணாடிபோல் மினுங்கும், அரிசி ருசி குறைவு. முழு அரிசி மீகூன் சட்டென்று உடையும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். தைவானில் ஸின்ச்சு என்ற ஊர் மீகூனுக்குப் பேர்போனது. அங்கே அடிக்கிற வறண்ட பருவக்காற்றில்தான் காலம்காலமாகக் காயவைத்தார்கள். அந்த நாட்டிலேயே சோளமாவு கலப்பு அதிகமாகி, 2014-இல் சட்டம் போட்டார்கள்: பாதிக்குக் குறைவாக அரிசி இருந்தால் அரிசி நூடுல்ஸ் என்ற பேரைப் பாக்கெட்டில் போடக்கூடாது என்று. இரண்டையும் ஒரே மாதிரி ஊறவைத்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிஷக் கணக்கை நம்பாமல் விரலில் சுற்றிப் பார்க்கச் சொன்னேன்.

அம்மா பூண்டு வெங்காயம் சேர்ப்பதில்லை என்று எழுதியிருந்தாய். கவலையே வேண்டாம், அதற்கு இங்கே பெரிய பரம்பரையே இருக்கிறது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் திருவிழா நடக்குமே, மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளாக ஊரே மாறிவிடும், நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக்கூட வந்தாய். அந்தக் கடைகளில் மீகூன்தான் முதல் அயிட்டம். பூண்டு, வெங்காயம் இரண்டும் கிடையாது. பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும் என்பதால் என் அம்மா அந்த நாட்களில் அடுப்பு மூட்டாமல் அங்கேயே வாங்கிவிடுவார். அவர்கள் ருசியை எடுப்பது காய்ந்த ஷிட்டாக்கே காளானில் இருந்து. குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அந்த ஊறிய தண்ணீரையே அளந்து ஊற்றுவார்கள். இஞ்சி கொஞ்சம். பொரித்த தவ்வு, அதாவது உங்கள் ஊர் டோஃபு. அம்மாவுக்கு அப்படிச் செய்து கொடு.

மாமாக் கடை, அதாவது இங்குள்ள இந்திய முஸ்லிம் கடை, மாதிரி சிவப்பாக வேண்டும் என்று பேத்தி கேட்டால், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, தக்காளி சாஸும் வெந்த உருளைக்கிழங்கும் சேர். கறிவேப்பிலை போடலாமா என்று கேட்காதே, போடு. நம் ஆட்கள் வீட்டில் போடாத ஆள் யார்? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் தட்டுத் தட்டாகக் கொடுக்கிற மீகூனில் கறிவேப்பிலையும் இருக்கும், சோயா சாஸும் இருக்கும், வாங்கித் தின்கிற வரிசையில் காவடி பார்க்க வந்த சீனரும் இருப்பார். ஆனால் கடைகளில் சிங்கப்பூர் நூடுல்ஸ் என்று மஞ்சளாகக் கறித்தூள் போட்டுத் தருகிறார்களே, அதைச் சிங்கப்பூரில் தேடாதே. அது ஹாங்காங் கடைக்காரர்கள் கிளப்பிவிட்டது என்பார்கள். என் மகளிடம் கேட்டேன், அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லையாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது பக்கம் மட்டும் மாடிப்படியில் குறை சொல்கிறது. சர்க்கரையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதால் மீகூன் வாரம் ஒரு முறைதான், காய் பாதி, மீகூன் பாதி என்று கணக்கு.

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று போன கடிதத்திலும் எழுதினாய், இந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுத்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது. வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பந்தல்காரர்களுக்கு நறுக்க ஆள் தேவைப்படுகிறது, உன் பேரையும் சேர்த்துவிட்டேன். வரும்போது சந்தகை பிழியும் அந்த மூன்று கால் மிஷின் சின்னதாக ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது கையால் பிழிகிறது, என் மணிக்கட்டுக்கு ஆகாது. காசு இங்கே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்