பொங்கலுக்கு வேண்டாம், இப்போதே வா

அம்பாசமுத்திரம்
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. மகளுக்கு வேலை கிடைத்தது, உனக்கு மூட்டுவலி குறைந்தது, எல்லாம் சந்தோஷம். பென்ஷன் பணத்தில் கேமரா வாங்கியதைத்தான் நம்ப முடியவில்லை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று உன் ஆச்சி சொன்னதை நம்பி, வகுப்பில் ஒரு அரணை ஓடியதற்குப் பெஞ்சு மேல் ஏறி நின்றவன் நீ. அது விஷமே இல்லாத அப்பிராணி. இப்போது ராஜநாகத்தைப் படம் எடுக்கப் போகிறாயாம்!

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிசான நெல்லுக்கு நாற்று பாவியாயிற்று. மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த நம்ம செல்வத்தின் மாமனார் வீட்டார் தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். பெரியவருக்கு இந்தப் புழுக்கம் தாங்கவில்லை. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தவளை, பாம்புகளைப் படம் எடுக்கப் பொங்கல் லீவுக்கு வருவதாக எழுதி, ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறாய். கரும்பு தின்ன வருவதென்றால் தாராளமாக வா. தவளைக்கு என்றால் பொங்கலுக்கு வராதே. தை பிறப்பதற்குள் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிவிடும், முக்கால்வாசித் தவளை வாயை மூடிவிடும். தீபாவளி முடிந்த கையோடு கிளம்பி வா. இந்த வேலையில் நமக்கு லீவு எப்போது என்பது கணக்கே இல்லை, மழை எப்போது என்பதுதான் கணக்கு. நம்ம பக்கத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, மலை உச்சியிலும் மேற்குச் சரிவிலும் இருக்கிற சீவன்கள் விழித்துக்கொள்ளும். கிழக்குச் சரிவும் வயக்காடும் ஐப்பசி கார்த்திகைக்குத்தான் காத்திருக்கும்.

நீ கேட்ட ஊதாத் தவளையையே எடுத்துக்கொள். கேரளப் பக்கத்து இனம் தென்மேற்குப் பருவமழையில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து முட்டையிடும். மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தில் கண்டுபிடித்தது வேறு இனம், அது வடகிழக்கு மழைக்கு வருகிறது. 2017-இல் அதற்குப் பூபதி என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தில் ஊர்வன பற்றி ஆராய்ந்தவர், 2014-இல் நம்ம அகத்தியமலையில் களப்பணியின்போது தவறி விழுந்து இறந்துபோனார். அந்தத் தவளை வருஷம் பூராவும் மண்ணுக்குள் கிடந்துவிட்டுக் கொஞ்ச நாள்தான் தலைகாட்டும். அதைப் பார்த்தே தீருவேன் என்று நீ பட்டியல் போட்டுக்கொண்டு வந்தால், ஏமாந்துதான் திரும்புவாய்.

பட்டியலில் இரண்டாவது, கருந்தவளை. உடம்பு கறுப்பு, தொடையில் செக்கச் சிவப்பு. தொந்தரவு செய்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமாம். 1878-இல் பெட்டோம் என்ற வெள்ளைக்காரக் காட்டிலாகா அதிகாரி விவரித்தது. வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் மறுபடி கிடைத்தது என்று 1997-இல் எழுதினார்கள். நான் பார்த்ததில்லை. கோதையாறு, காக்காச்சிப் பக்கம் மழைக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. புலிகள் காப்பகம், இரவில் நடக்க விடவே மாட்டார்கள். அது சரிதான் என்பது என் கட்சி.

அதே காட்டில் இன்னொரு தவளை இருக்கிறது. ஓடையோர நாணல் மூங்கிலில் சிறு கீறல் வழியாக உள்ளே நுழைந்து, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் முட்டையிடும். ஆண் உள்ளேயே இருந்து காவல் காக்கும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான். இந்த இனமும் நூறு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்து 2011-வாக்கில் திரும்பக் கிடைத்ததுதான். ஆனால் உள்ளே இருப்பதைப் படம் எடுக்க மூங்கிலைப் பிளக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரனுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். நமக்கு என்ன காரணம்?

அதனால் முதலில் என் வீட்டுக் கொல்லைக்கு வா. போன மழைக்கு மறுநாள் காலையில் கழனித்தொட்டியின் உள் விளிம்பில் வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ சோப்பு நுரையைக் கொட்டிவிட்டார்கள் என்று அம்மா சத்தம் போட்டாள். பார்த்தால் மரத்தேரையின் கூடு. பெண் தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. ஒட்டினாற்போல் முதுகில் ஆண். வெயில் ஏற ஏற மேல்பக்கம் மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியது, உள்ளே ஈரம் அப்படியே நின்றது. சில நாளில் அடியில் கரைந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் சொட்டின. அதுவரை மாட்டுக்கு வாளியில்தான் கழனி. அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தாள்.

இதை எடுத்த படம்தான் உனக்கு அனுப்பியது. பிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணியை மடித்துக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தினேன். குப்புறப் படுத்து, கேமராவைத் தேரையின் கண் மட்டத்துக்கு இறக்கினேன். மேலிருந்து எடுத்தால் எந்தத் தவளையும் தட்டையாகத்தான் விழும். கையால் பிடித்து இலைமேல் உட்காரவைத்து எடுக்கிற வேலை வேண்டாம். அதன் தோல் மூச்சுவிடுகிற தோல், நம் கையிலிருக்கும் உப்பும் கொசுமருந்தும் அதற்கு ஆகாது. தொட்டி, நுரை, பின்னால் அம்மா, எல்லாம் சேர்ந்து விழட்டும். கறுப்புப் பின்னணியில் கண் மட்டும் மின்னுகிற படங்களில் எனக்கு மனசு ஒட்டவில்லை.

அப்புறம் தேரிக்காடு. சாத்தான்குளம் தாண்டிச் செம்மணலில் விசிறித்தொண்டை ஓணான் உண்டு. அதற்குச் சித்திரை வைகாசி வெயில்தான் பருவம். ஆண் ஒரு கட்டிமேல் ஏறித் தலையைத் தூக்கித் தொண்டையை விரித்து விரித்துக் காட்டும். அதை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்வோம். இந்தப் பருவத்தில் அங்கே சாயங்காலம் போனால் சுருட்டை விரியன் கிளம்பும். உடம்பை மடித்து, செதிலோடு செதில் உரசி ‘சர்ர்ர்’ரென்று சத்தம் கொடுக்கும், அது வாயிலிருந்து வருகிற சீறல் இல்லை. சின்னப் பாம்புதானே என்று கிட்டே போகாதே. தள்ளி நின்று நீள லென்ஸில் எடு.

மலைப்பாதையில் இதைவிடக் கவனம். காய்ந்த இலைக்குள் கிடக்கும் சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு, மூக்கு நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை இந்த நாலுக்குத்தான், இந்தக் குழிவிரியன் விஷத்துக்குக் கேட்காது. செருப்போடு வந்து இறங்கினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன். பழைய ராணுவ பூட்ஸ் இருந்தால் எடுத்துக்கொள், வருமுன் சேற்றைக் கழுவிக் காயவைத்துவிடு. தவளைக்கு நோய் தருகிற பூஞ்சைக்காளான் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று. எடுத்த படத்தை எங்கே போட்டாலும் ஊர்ப் பெயர், இடம் போடாதே. மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசுகிற கூட்டம் அலைகிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தால், நான் அம்பை ஸ்டேஷனுக்கே வந்துவிடுவேன். டிக்கெட் போட்டதும் சொல். மதினியும் வருகிறார்களா என்று எழுது, மாடி அறையில் கட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
சங்கரலிங்கம்