நேட்டாலுக்குப் போன அத்தைப்பாட்டி

அன்புள்ள நண்பா,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். நீ கேட்ட வம்சாவளி விஷயத்தில் பெரிய தடயம் ஒன்று கிடைத்திருக்கிறது.

பெரியப்பா எழுதிய நோட்டை நீயே பார்த்திருக்கிறாய், அத்தனையும் ஆண்கள் பெயர்தான். கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், தாது வருஷப் பஞ்சம் கழிந்து சில வருஷத்தில் கப்பலேறிவிட்டாள் என்று அப்பா எப்போதோ சொன்னதோடு சரி.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ மதராஸிலிருந்துதான் கிளம்பியது. கப்பல் வாரியான அந்தப் பதிவேடுகளை இப்போது இணையத்தில் தேடலாம். ஆளுக்கொரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை இருக்கிறது. ஆள் பெயரை மட்டும் போட்டால் சிக்காது, குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். கிராமத்தையும் அப்பா பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அப்படித்தான் அகப்பட்டாள். வட ஆற்காடு ஜில்லா, நம் ஊர், எள்ளுத்தாத்தா பெயர், வயது 24, இடது முழங்கையில் தழும்பு. அடுத்த வரியில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. புருஷன் என்று கூட யாரும் இல்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்ற விதியால் தனியாக வந்த பெண்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு கடல் தாண்டி, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் உழைக்கப் போனவளை ஏன் நோட்டில் சேர்க்காமல் விட்டார்கள்? எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது, அப்புறம் ஒரு பெருமையும்.

அவள்தான் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஒரு சான்று வேண்டும். இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழந்தையின் வழியில் யாராவது இன்று டர்பனில் இருக்கலாம்.

உங்கள் பாட்டியின் சித்தி மொரிஷியஸ் போனதாகச் சொன்னாயே, அந்த ஊர்ப் பதிவேடுகள் மோகாவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. அவர் அப்பா பெயரையும் பழைய கிராமப் பெயரையும் உன் அம்மாவிடம் கேட்டு எழுது, நானும் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்